நெய்க் குவளையும் நீ போட்ட கட்டைவிரலும்

மகனே,

சோப்புப் போட்டுக் கழுவி, கடலை மாவு தேய்த்துக் கழுவி, மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையில் நெய் வாடை போகவில்லை. பொங்கலில் ஊற்றும்போது வருமே, அந்த வாடை என்று நினைத்துக்கொள்ளாதே. கசப்பு மருந்துகளைப் போட்டுக் காய்ச்சிய நெய் ஒருத்தியின் வெறும் வயிற்றுக்குள் போய், மத்தியானம் வரைக்கும் அவள் ஏப்பத்தில் திரும்பித் திரும்பி வருகிற வாடை. எனக்கு இது புதிதும் இல்லை. குமுளி ரோட்டில் இருக்கும் எங்கள் ஆயுர்வேத சென்டரின் முன்மேஜையில் உட்கார்ந்து, கம்பம், தேனிப் பக்கமிருந்து மலையேறி வருகிறவர்களின் தமிழை டாக்டருக்கு மலையாளத்திலும், டாக்டரின் மலையாளத்தை அவர்களுக்குத் தமிழிலும் மாற்றிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாந்தி, பேதி, எனிமா என்பதையெல்லாம் வெண்டைக்காய், கத்தரிக்காய் என்பது போலச் சொல்லப் பழகிவிட்டேன். டீ குடித்துக்கொண்டே சொல்வேன். அப்படிப்பட்டவளுக்கு இந்த வாரம் டீ இறங்கவில்லை. வாளியைப் பார்த்துக் குமட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குக் குமட்டியது போனைப் பார்த்து.

இதைப் பலரும் படிக்கிற இடத்தில் போடப்போகிறேன். பெயர்கள் இருக்காது. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை, பேரு மட்டும் வேணாம்" என்றாள். உன்னிடம் கேட்கவில்லை. அவளைப் பற்றி ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் நீ அவளிடம் கேட்டாயா என்ன?

நிச்சயம் முடிந்த கையோடு அவள் உனக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை, சில சமயம் மூன்று மாதம்கூடத் தள்ளிப்போகும், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு பிசிஓஎஸ் என்றார்கள், கட்டப்பனையில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுகிறேன் என்று. தாடையில் முளைக்கிற முடியைப் பற்றிக்கூடச் சொன்னாளாம். அவளை யாரும் கேட்கவில்லை. உடும்பஞ்சோலையில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கணக்குப் பார்க்கிற பெண். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தாள், சொன்னாள். நீ அதை வாங்கி வைத்துக்கொண்டாயா? கொச்சியில் உன் ரூமுக்குப் போய்ச் சேரும் முன்பே உன் அத்தைக்குச் சொல்லிவிட்டாய். எனக்கே உன் அத்தை மூலமாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் வண்டிப்பெரியாரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏ புள்ள, ஊரு பொம்பளைகளையெல்லாம் உங்க சென்டர்லதான கழுவி விடுறீக. நம்ம வீட்டுக்கு வரப்போற புள்ளைய ஒரு தடவ கழுவி விட்டுரு. தாலி ஏறுறப்ப உள்ள கண்ணாடி மாதிரி இருக்கணும்."

"அதென்ன மதினி, பாத்திரமா? வெளக்கிக் கவுத்தி வைக்க?"

"அட போடி. தேயிலைய கவாத்து அடிக்காம கொழுந்து எடுக்க முடியுமா? நீ படிச்சவ, உனக்கு நான் சொல்லணுமா?"

கத்தியால் மட்டமாக வெட்டிவிட்டால் செடி புதிதாகத் துளிர்க்கும் என்கிற எஸ்டேட் கணக்கு. உன் அத்தை இருபத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்தவள், அவளுக்குத் தெரிந்த உவமையைச் சொன்னாள். அதைக்கூட நான் மன்னிப்பேன். அன்று மாலை நீ போன் செய்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "அத்தை சொல்றதும் சரிதானம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ சுத்தமாயிட்டா அவளுக்கும் நல்லதுதான" என்றாய். சுத்தம் என்ற சொல்லை எங்கள் சென்டரில் நாளெல்லாம் கேட்கிறேன். உன் வாயில் அது வந்தபோது, யாரோ எச்சில் துப்பிய டம்ளரை என்னிடம் நீட்டியது போல இருந்தது.

அந்தப் பெண்ணும் உன் அத்தையும் சென்டருக்கு வந்தார்கள். எங்கள் டாக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தார், நாடி பார்த்தார், எடை பார்த்தார், என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மோளே, இது கழுகிக் களையான் பற்றுன்ன காரியமல்ல" என்றார்.

"இது கழுவித் தள்ளுற விஷயம் இல்லங்குறாங்க" என்றேன்.

"அப்ப எதுக்கு வாசல்ல அம்மாம்பெரிய போர்டு?" என்றாள் உன் அத்தை.

அது நியாயமான கேள்விதான். மணப்பெண்களுக்கான உள்சுத்திச் சிறப்புச் சிகிச்சை என்று தாமரைப்பூப் படம் போட்டு மானேஜர் வைத்த போர்டு அது. டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார், நானும் பொறுமையாக மாற்றிச் சொன்னேன். இதற்கு முழுக்கப் போய்விடும் என்கிற மருந்து எந்த வைத்தியத்திலும் கிடையாது. கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டை மாற்றுவது, நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது, இவைதான் முதலில். கட்டப்பனை டாக்டரின் மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சர்க்கரை இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். உடம்பு கனத்துக் கிடக்கிறவர்கள் சிலருக்கு இந்தச் சிகிச்சையால் லேசாக இருப்பது போலத் தோன்றும். மாதவிலக்கு வரும், பிள்ளை பிறக்கும் என்றெல்லாம் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது. இவளுக்கு இப்போது அவசியமும் இல்லை.

"பண்ணிரலாம் டாக்டர்" என்றாள் அந்தப் பெண்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, இது அவளுடைய சொந்த முடிவுதானா என்று கேள் என்றார். கேட்டேன். அவள் உன் அத்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அவரு பண்ணச் சொன்னாரு. ஒரு தடவ பண்ணிட்டா அதுக்கப்புறம் இதப் பத்தி யாரும் பேச மாட்டாங்கன்னு சொன்னாரு" என்றாள். நான் அதை மலையாளத்தில் சொல்லவில்லை. "ஆமாம் என்கிறாள்" என்று மட்டும் சொன்னேன். சம்பளம் வாங்குகிற வேலையை அன்று நான் ஒழுங்காகச் செய்திருந்தால் டாக்டரம்மா அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார். உன் மேல் இருக்கிற அருவருப்பில் கொஞ்சம் என் மேலும் இருக்கிறது. அதை நான் உன் தலையில் கட்டவில்லை.

ஆக, அவளுடைய பேரம் இதுதான். ஒரு தடவை குடித்து, ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். அந்த வாக்கை நம்பி ஸ்டோரில் லீவு போட்டு வந்து படுத்தாள்.

அந்த நெய்யை நீ பார்த்ததில்லை. பச்சையும் பழுப்புமாக இருக்கும். விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் அளவு கூடும். குடித்துவிட்டு வெந்நீரை உறிஞ்சிக்கொண்டு படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், தானாகப் பசி எடுக்கும்வரை வேறு எதுவும் கிடையாது. உதட்டில் ஒட்டும். தலை வலிக்கும். துணி, தலையணை, தலைமுடி எல்லாம் அதே வாடை. கக்கூஸுக்குப் போய்வந்தால் எண்ணெயாகப் போயிற்றா என்று கேட்பார்கள், அதையும் நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். வரப்போகிற மருமகளிடம் ஒரு மாமியார் கேட்கிற முதல் கேள்விகள் இவை. அவள் வெட்கப்பட்டுக்கொண்டே பதில் சொன்னாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மூக்கைப் பிடித்து, நான் நீட்டிய குவளையைக் காலி செய்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க ஸ்டோர்ல பச்சக் காய அப்படியே ட்ரையர்ல போட்ருவோம் அத்தை. நீங்க என்னைய எண்ணெய்ல ஊறப்போட்டு, அப்புறம் ஆவில வேற போடப்போறீங்களாம். கடைசில எந்த கிரேடு வருவேன்? எட்டு எம்எம் நிப்பேனா, இல்ல சல்லடையில விழுந்துருவேனா?"

நானும் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த உன் அத்தை சிரிக்கவில்லை. "அதெல்லாம் நல்ல கிரேடாத்தான் வரணும்" என்றாள். அவள் அதை நிஜமாகவே சொன்னாள்.

வாந்திக்கு முதல்நாள் தயிர்சாதம், உளுந்தவடை, பால் பாயசம் என்று கொடுப்பார்கள். சளியைக் கிளப்பிவிடுவதற்காம். உன் அத்தை முழு மனதோடு உதவி செய்த நாள் அது ஒன்றுதான். "இன்னொரு வடை தின்னு தாயி, டாக்டரே சொல்லிட்டாங்க" என்று தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் டம்ளர் டம்ளராகப் பால், பிறகு அதிமதுரக் கஷாயம், பிறகு மருந்து. உள்ளே சிகிச்சை செய்கிற அக்கா அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்து முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றார். நான் மேஜையில் இருந்தேன். சின்னமனூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏசி ரூமுக்கும் சாதா ரூமுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வாந்திச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே, கதவைப் பாதி திறந்துகொண்டு நின்ற உன் அத்தையின் சத்தம்: "நாலு... அஞ்சு... வரட்டும் தாயி, வரட்டும்." நான் அந்தக் குடும்பத்துக்கு, ஏசி ரூமில் வெந்நீர் எப்போதும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மஞ்சளாக வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அது பித்தநீர். வயிற்றில் வேறொன்றும் இல்லை என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். உனக்கும் வரும், எனக்கும் வரும், தாமரைப்பூப் போர்டு வைத்த மானேஜருக்கும் வரும். உன் அத்தை வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பேரன் பிறந்த சேதி சொல்ல வருகிறவளைப் போல முகமெல்லாம் மலர என்னிடம் ஓடிவந்தாள். "மஞ்சளா வந்துருச்சு புள்ள! கர்ப்பப்பையில இருந்த அழுக்கு பூராம் வந்துருச்சு!" கர்ப்பப்பைக்கும் வாய்க்கும் வழி கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் போனை வாய்க்கு நேராகப் பிடித்து நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் பேச ஆரம்பித்திருந்தாள். இன்னின்ன நேரத்தில் இத்தனை தடவை, இன்ன நிறம், இனிமேல் ஒரு குறையும் இல்லை, எல்லோரும் தைரியமாகப் பத்திரிகை அடிக்கலாம் என்று.

அந்த குரூப்பில் அவளும் இருக்கிறாள். நிச்சயத்தன்று நீதான் சேர்த்துவிட்டாய், ஞாபகமிருக்கிறதா? நான் கஞ்சித் தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து போனைக் காதில் வைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, கண் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. கேட்டு முடித்துவிட்டு, கீழே வந்து விழுகிற கும்பிடுகளையும் பூக்களையும் கட்டைவிரல்களையும் பார்த்தாள். கட்டைவிரலைத் தொட்டால் யார் யார் போட்டார்கள் என்று தெரியுமே, தொட்டாள். உன் மூஞ்சி சின்ன வட்டமாக அங்கே இருந்தது.

அப்போதும் அவள் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "ஆபீஸ்ல இருப்பாருல்ல அத்தை. கேக்காமலே அமுக்கியிருப்பாரு" என்றாள். உனக்கு போன் செய்தாள். போனைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அதனால் நானும் கேட்டேன்.

"அத்தை போட்டத கேட்டீங்களா?"

"கேட்டேனே! சூப்பர்ல?"

அவள் போனை வைத்தாள். கஞ்சித் தண்ணியை என் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு குரூப்பிலிருந்து வெளியேறினாள்.

மகனே, நீ இரண்டாம் வகுப்பு முடித்த லீவில் நடந்ததை எழுதுகிறேன். எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான உன் அத்தை வீட்டில், பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றி, மேலே ஒரு வாய் பால் விடாத கட்டன் காப்பி கொடுப்பார்கள். பிறகு அத்தை வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, யார் எத்தனை தடவை ஓடினார்கள் என்று லயம் முழுக்கக் கேட்கும்படி எண்ணுவாள். பெரியவனுக்கு அத்தனை, சின்னவளுக்கு இத்தனை, உன்னைக் காட்டி, இவனுக்குப் பத்தாது, இவன் வயிற்றில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று. எல்லாப் பிள்ளைகளும் உன்னைப் பார்த்துச் சிரித்தன. நீ கக்கூஸுக்குள் போய்க் கொண்டி போட்டுக்கொண்டாய். கூப்பிட்டுப் பார்த்தோம், மிரட்டிப் பார்த்தோம், வரவில்லை. நான் தகரக் கதவில் காதை வைத்தபோது உள்ளேயிருந்து அழுகையும் விக்கலுமாக நீ சொன்னாய்: "எண்ண வேணாம்னு சொல்லும்மா." நான் உன் அத்தையை எழுப்பி வீட்டுக்குள் அனுப்பிய பிறகுதான் கதவைத் திறந்தாய்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவன் நீ. அதே வாய் எண்ணியது, நீ கட்டைவிரல் போட்டாய். உன் அத்தையைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவு. உன்னைப் பார்த்தால்தான் குமட்டுகிறது, ஏனென்றால் உனக்குத் தெரியும்.

சாயங்காலம் உன் அத்தை பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி லட்டு வாங்கிவந்து, சென்டரில் எல்லோருக்கும் கொடுத்தாள். நல்ல சேதியாம். கஞ்சித் தண்ணி குடித்துக் கிடந்தவளின் தலைமாட்டில் இரண்டு வைத்தாள். டாக்டரம்மா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கொஞ்ச நாளைக்குத் தண்ணிக் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, பயறு என்று ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார். அதற்கப்புறம் என்றைக்குமாக: கீரை, பாகற்காய், கொள்ளு, மோர், தவிடு போகாத அரிசி அளவாக, ராகி, மைதாவும் பேக்கரியும் சீனி போட்ட டீயும் குறைவாக. பட்டினி கிடக்கக் கூடாது. எழுதிக்கொண்டே என்னிடம் கேட்டார், இதை யார் சமைப்பார்கள், வீட்டில் வேறு யார் சாப்பிடுவார்கள் என்று. கொச்சியில் நீ ராத்திரி பரோட்டாவும் பீஃபும், காலையில் பப்ஸும் சாப்பிடுகிறவன் என்றேன். "எங்கில் மோனும் இது தன்னெ கழிக்கட்டெ" என்றார். அப்படியானால் மகனும் இதையே சாப்பிடட்டும் என்று அர்த்தம். " ஒரு வீட்டில் ரெண்டு சமையல் ஒரு வாரம் நடக்கும், அப்புறம் அவளோடதுதான் நின்னு போகும்" என்றார். நெய்யையும் வாளியையும் விட அதுதான் அன்றைக்கு அவர் சொன்ன வைத்தியம். அதை உன் அத்தை குரூப்பில் போடவில்லை. வயிற்றைக் கழுவச் சொல்ல நம் வீட்டில் எத்தனை பேர்! தட்டை மாற்ற ஒருவரும் இல்லை.

நேற்று நீ என்னைக் கூப்பிட்டாய். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய் என்று நினைத்தேன். "குரூப்ப விட்டுப் போய்ட்டாளாம்மா, அத்தைக்கு அசிங்கமாப் போச்சாம். ஒரு சாரி சொல்லச் சொல்லும்மா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

அவளை நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். உடம்பு இன்னும் தேறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம முகூர்த்தப் பட்டு எடுக்க கம்பத்துக்கு வரச் சொல்லியிருக்கீங்க அத்தை. நான் வர்றேனா இல்லையான்னு, அவரு எங்கிட்டப் பேசினதுக்கு அப்புறம் சொல்றேன். உங்க மேல வருத்தம் இல்ல." பிறகு, "ஆனா நீங்க அவருக்குச் சொல்லிக் குடுத்துப் பேச வைக்கக் கூடாது" என்றாள்.

அதனால் அவளிடம் என்ன பேச வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகும் அவள் உன்னைக் கட்டிக்கொண்டால் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். மாதாமாதம் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று கேட்காதே. கட்டப்பனை டாக்டரிடம் அவள் போகும்போது கூடப் போ, வெளியில் போன் நோண்டாமல் பக்கத்தில் உட்கார். இதோடு வாழ்கிற எத்தனையோ பெண்களுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. உங்களுக்குப் பிறக்கலாம், தாமதமாகலாம், பிறக்காமலும் போகலாம். தாமதமானால் முதலில் பரிசோதனைக்குப் போகிறவன் நீ. நானே கூட்டிக்கொண்டு போவேன். முடிவு என்ன வந்தாலும் எந்த குரூப்பிலும் வராது. எண்ண வேண்டாம் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸைப் பிடித்து வா. உன் அத்தை வீட்டில் இறங்காதே, நேராக இங்கே வா. மருந்து நெய்யைத் தேவையில்லாதவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், சரியாகத்தான் சொன்னார். அதனால் வீட்டு நெய்யையே சூடாக்கி, அவள் முதல் நாள் குடித்த அளவுக்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்திருப்பேன். பல் விளக்கிவிட்டு வெறும் வயிற்றில் அதைக் குடி. சீனி கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொள், அவளும் பிடித்துக்கொண்டாள். நான் எண்ண மாட்டேன், எட்டிப் பார்க்க மாட்டேன், உன் அப்பாவிடம்கூடச் சொல்ல மாட்டேன். முதல் ஏப்பம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திரு. அது வந்ததும் அவளுக்கு போன் போடு. வாயைக் கொப்பளித்துவிடாதே. அந்த வாயோடு என்ன பேச வருகிறதோ, அதைப் பேசு.

உன் அம்மா